பத்து இஞ்ச்

போன ஐப்பசியில் கரை உடைந்தது,
ராத்திரி இரண்டேகால் மணிக்கு.
சத்தம் ஒன்றும் பெரிதில்லை.
யாரோ ஈர மூட்டையை இறக்கி வைத்த மாதிரி
ஒரே ஒரு தரம்.
விடிந்து பார்த்தால் அறுநூறு கட்லா
சோணைமுத்து வயலில், நாற்றுக்கு ஊடே
வயிறு மின்னக் கிடந்தன.
நஷ்டம் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.
மூன்று நாள் அந்த வீட்டுப் பக்கமிருந்து
புளி கொதிக்கிற வாசம்.

அன்றைக்குக் கரையில் இருந்தது நாலு இஞ்ச் குழாய்.
"எல்லாரும் இதான்மா வாங்குறாக"
என்று மேலூர்க் கடையில் தலையில் கட்டியது.
எல்லாருக்கும் முதுகுக்குப் பின்னால் பாறை இல்லை.
எனக்கு இருக்கிறது, அரை ஏக்கர் மொட்டையாக.
பாறை ஒரு சொட்டும் குடிக்காது,
வந்ததை வந்த கையோடு கீழே தள்ளிவிடும்.
அதன் காலடியில் ஒன்றரை ஏக்கர் கருவேலங்காடு.
அது பாதி குடிக்கும், பாதி விடும்.

இந்த வருஷம்
கரண்ட் பில்லைத் திருப்பிப் போட்டு எழுதினேன்.
மணிக்கு ஐந்து சென்டிமீட்டர் மழை
(வாசலில் கிடந்த பெயிண்ட் டப்பா சொன்ன சாட்சி).
பாறை முழுசு, காடு பாதி,
கூட்டி, மூவாயிரத்து அறுநூறால் வகுத்தால்
நொடிக்கு எழுபது லிட்டர்.
நம்பாமல் திரும்பவும் போட்டேன்.
எழுபதுதான்.
நொடிக்கு ஐந்து குடம்.
ஐந்து பெண்கள் வரிசை குலையாமல்
ஒரு மணி நேரம் முழுக்க
என் குளத்துக்குள் கவிழ்த்துக்கொண்டே போகிறார்கள்,
ஒருத்தி முகமும் தெரியவில்லை.

வாய்க்கு மேல் ஓரடி தண்ணீர் நின்றால்
நாலு இஞ்ச் தள்ளுவது பதினொன்று.
ஆறு, இருபத்தாறு.
எட்டு, நாற்பத்தாறு.
பத்துக்கு எழுபத்தொன்று.
அந்த ஒரு லிட்டர் உபரியில்தான்
அன்றைக்குத் தூங்கினேன்.

ஷார்ஜாவிலிருந்து வீட்டுக்காரர்:
"நாலு இஞ்ச்சுல இன்னொண்ணு போடு,
எட்டாயிரும்ல?"
ஆகாது. எட்டுக்கே நாலு வேணும்.
"அதெப்பிடி?"
ரெண்டு மடங்கு அகலமா தோசை ஊத்த
எத்தனை கரண்டி மாவு ஊத்துவீங்க?
கொஞ்ச நேரம் அங்கே ஏசி இரைச்சல் மட்டும்.
"நாலு" என்றார்,
தோற்ற குரலில் இல்லை, பசித்த குரலில்.

சோணைமுத்துவும் வந்து பார்த்தார்.
"அம்புட்டுப் பெருசு எதுக்கு? ஆறே சாஸ்தி."
மீசைக்கு அடியில் போன வருஷத்துக் குழம்பு சிரித்தது.
குழாய் கக்குகிற ஓடையோடு
அவரைக் கீழே கூட்டிக்கொண்டு நடந்தேன்.
அவர் டிராக்டர் பாதை குறுக்கே வரும் இடத்தில்
அடியில் பதித்திருப்பது ஆறு இஞ்ச்.
மேலிருந்து எழுபத்தொன்று வந்தால்
இருபத்தாறு இதற்குள் போகும்.
மிச்சம் எங்கே போகும் என்று எழுத
பில்லில் இடமில்லை.

அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை.
உலர்ந்த ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"அப்ப போன வருசம் எம் பாதை பிளந்தது
உந் தண்ணியிலயா?"
ஆமாம் என்பதற்குள் அவரே சொன்னார்:
"குவாரி லாரிக்காரன வஞ்சுக்கிட்டுத் திரிஞ்சேன்
பத்து மாசமா."

ஒரே வேனில் ஏற்றி வந்தோம்.
எனக்கு ஒரு பத்து, அவருக்கு ஒரு பன்னிரண்டு.
அதில் பாதி என் கணக்கு.
அவர் பாதைக்குக் கீழே நல்லம்மாளின் கடலைக்காடு,
அங்கே யார் எத்தனை இஞ்ச் வைத்திருக்கிறார்கள் என்று
இன்னும் போய்க் கேட்கவில்லை.
கேட்க வேண்டும். கண்மாய் வரைக்கும் கேட்க வேண்டும்.

மண்ணை மூடி மிதித்த பிறகு
மீன் போகாமல் குழாய் வாயில் கட்ட
கம்பி வலையை எடுத்தேன்.
சருகு அடைத்தால் எழுபத்தொன்று நாற்பதாகிவிடும்,
அதனால் வாயை ஒட்டி இல்லை,
கூடை மாதிரி அகலமாக வளைத்து.
சோணைமுத்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.
"கண்ணி மட்டும்," என்றார்,
"கொஞ்சம் பெருசா இருக்கட்டுமே."

அழகர்மலைப் பக்கம் மின்னுகிறது.
கட்டிக்கொண்டிருக்கிறோம்.